முதல் செஸ் போட்டிக்குப் போகிறீர்களா? ஒரே ஒரு ஓப்பனிங் போதும், அதை உருப்படியாகப் படியுங்கள்

கோடை விடுமுறை வந்தால் எங்கள் டெல்டா பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ செஸ் போட்டி இருக்கும். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என்னிடம் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த ஓப்பனிங் படிக்கணும்?" ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் முதல் சில மூவ்களின் வரிசை. கேட்பது பிள்ளையாக இருந்தாலும் சரி, அப்பா அம்மாவாக இருந்தாலும் சரி, யூடியூபில் பார்த்த பத்துப் பதினைந்து ஓப்பனிங்கின் பெயரைச் சொல்லி அதில் எது நல்லது என்று கேட்பார்கள். நான் சொல்வது இத்தாலியன். அது ஒன்றை மட்டும், ஒவ்வொரு மூவும் எதற்காக என்று தெரியும் அளவுக்குப் படித்துவிட்டுப் போங்கள், முதல் போட்டிக்கு அது போதும்.

ஏன் இத்தாலியன்? அதில் ராஜா சீக்கிரம் பத்திரமாகிவிடும். நாலாவது மூவிலேயே கேஸ்லிங் (ராஜாவை யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை அதன் மறுபக்கம் வைப்பது) செய்யலாம், கொஞ்சம் நிதானமாக ஆடினாலும் ஆறாவது மூவுக்குள் முடிந்துவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் தோற்கும் ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள், ராஜா நடுவிலேயே நின்று மாட்டிக்கொண்டதுதான் பாதிக்கு மேல் இருக்கும். எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். பதின்மூன்று வயதில் நான் ஆடிய முதல் போட்டியில், மூன்றாவது ரவுண்டில், கேஸ்லிங் செய்யப் போய் யானையை முதலில் தொட்டுவிட்டேன். எதிரில் இருந்தவர் கையைத் தூக்கினார், ஆர்பிட்டர் (நடுவர்) வந்தார், யானையைத்தான் நகர்த்த வேண்டும், அந்தப் பக்கம் இனி கேஸ்லிங் கிடையாது என்றார். அது சரியான தீர்ப்பு. கேஸ்லிங்கில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும் என்பது விதி, எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்த ஆட்டம் முழுக்க என் ராஜா தொடங்கிய கட்டமான இ1-இல் நின்றது, இருபது மூவுக்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ராஜாவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இந்த மண்ணுக்கும் செஸ்ஸுக்கும் உறவு உண்டு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தவர், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் இருக்கும் திருப்பூவனூரில் சுவாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். யாராலும் சதுரங்கத்தில் வெல்ல முடியாத ராஜகுமாரி ராஜராஜேஸ்வரியை, சிவபெருமான் வயோதிகர் உருவில் வந்து ஆடி ஜெயித்து மணந்தார் என்பது தலபுராணம். போட்டிக்கு முந்தின நாள் அங்கே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரும் பிள்ளைகளை நான் அறிவேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் போர்டும் எழுத்தும்

போனில் ஆடிப் பழகியவர்கள் முதலில் ஒரு நிஜ போர்டு வாங்குங்கள். சுருட்டி வைக்கும் போர்டும் பிளாஸ்டிக் காய்களும் போதும், மரம் வேண்டாம். போனில் பார்க்கும் கண்ணும் மேஜைமேல் பார்க்கும் கண்ணும் வேறு. மேஜையில் உங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தூரத்துக் காய்கள் ஒன்றையொன்று மறைக்கும், மூலைவிட்டத்தில் நிற்கும் பிஷப் கண்ணுக்கே தெரியாது. குறைந்தது இரண்டு வாரமாவது இதில் பழக வேண்டும். போர்டை வைக்கும்போது உங்கள் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும், ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும்.

காய்களின் பெயர் வீட்டுக்கு வீடு மாறும். தாத்தா ராணியை மந்திரி என்பார், பக்கத்து வீட்டில் பிஷப்பை மந்திரி என்பார்கள். குழப்பம் வராமல் இருக்க இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். கட்டங்களை இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை என்றும் எண்ண வேண்டும். போட்டியில் மூவ்களை எழுதத் தரும் நொட்டேஷன் தாளில் இதையே ஆங்கில எழுத்தில் எழுதுவீர்கள். தினமும் வீட்டில் ஆடும் ஆட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிப் பழகாத பிள்ளை போட்டியில் எழுதத் தொடங்கினால் கவனம் பாதி அதிலேயே போய்விடும்.

இத்தாலியன், மூவ் மூவாக

நீங்கள் வெள்ளை. முதல் மூவ் இ4. நடுவில் இடம் பிடிக்கிறீர்கள், ராணிக்கும் பிஷப்புக்கும் வழி திறக்கிறீர்கள். எதிரி இ5 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, குதிரை எஃப்3. இது இ5 சிப்பாயைத் தாக்குகிறது, எதிரி சும்மா இருக்க முடியாது. குதிரை சி6 என்று காப்பாற்றுவார்.

மூன்றாவது, பிஷப் சி4. இங்கேதான் இத்தாலியன் பிறக்கிறது. இந்த பிஷப் பார்ப்பது எஃப்7 கட்டத்தை. கருப்பின் முகாமில் ராஜா மட்டுமே காக்கும் ஒரே சிப்பாய் அங்கேதான் நிற்கிறது, மற்ற சிப்பாய்களுக்கெல்லாம் வேறு காய் ஏதாவது துணை உண்டு. அதேபோல் உங்கள் பக்கம் எஃப்2. ஓப்பனிங்கில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கட்டத்தில்தான் நடக்கும், அதனால் உட்கார்ந்தவுடன் எஃப்2, எஃப்7 இரண்டையும் ஒருமுறை கண்ணால் தொட்டுப் பழகுங்கள்.

எதிரி பிஷப் சி5. நீங்கள் நாலாவதாக சி3. இந்தச் சின்ன மூவ் மூன்று வேலை செய்கிறது. பின்னால் டி4 தள்ளும்போது சிப்பாய்க்குத் துணை நிற்கும், கருப்புக் குதிரை பி4, டி4 இரண்டுக்கும் வரவிடாது, உங்கள் பிஷப் பின்வாங்க வேண்டி வந்தால் சி2-இல் ஒரு வீடு கட்டித் தரும். எதிரி குதிரை எஃப்6 என்று உங்கள் இ4 சிப்பாயைத் தாக்குவார். நீங்கள் ஐந்தாவதாக டி3. இ4 பத்திரம், சி1 பிஷப்புக்கும் வழி திறந்தாயிற்று. எதிரி டி6, நீங்கள் ஆறாவதாக கேஸ்லிங், அவரும் கேஸ்லிங் செய்வார். இரண்டு ராஜாவும் மூலைக்குப் போய்விட்டன, இனிமேல்தான் ஆட்டம். இதற்கு இத்தாலிய மொழியில் இருக்கும் பெயரின் பொருளே 'அமைதியான ஆட்டம்' என்பதுதான்.

ஐந்தாவது மூவில் டி3-ஆ, டி4-ஆ என்று கேட்பார்கள். டி4 வேகமானது, நடுப்பக்கம் உடனே உடைந்து திறக்கும், அது எப்படி இருக்கும் என்று கீழே ஒரு பழைய ஆட்டத்தில் காட்டுகிறேன். ஆனால் முதல் போட்டிக்கு டி3 தான் என் தீர்ப்பு. டி4 ஆடினால் பத்துப் பன்னிரண்டு மூவை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், ஒன்று மறந்தாலும் சிப்பாய் போகும். டி3 ஆடினால் வரிசை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது.

'கொஞ்சம்' என்றுதான் சொன்னேன். ஒரு இடத்தில் வரிசை முக்கியம், அதை நன்றாகப் பாருங்கள். கேஸ்லிங் முடிந்ததும் பிள்ளைகள் ஆசையாக யானையை எஃப்1-இலிருந்து இ1-க்கு நகர்த்துவார்கள், எங்கோ வீடியோவில் அப்படிப் பார்த்திருப்பார்கள். போன கோடையில் என்னிடம் படிக்கும் பத்து வயதுப் பெண் ஒருத்தி இதைத்தான் செய்தாள். எதிரில் இருந்த பையன் எஃப்6 குதிரையை ஜி4-க்குத் தாவவிட்டான். அவள் அப்போதுதான் எஃப்2-ஐப் பார்த்தாள். ஜி4-இலிருந்து குதிரை, சி5-இலிருந்து பிஷப், இரண்டும் அந்த ஒரு சிப்பாயைக் குறிவைக்கின்றன. அதைக் காத்துக்கொண்டிருந்த யானை இப்போது இ1-இல் நிற்கிறது, மிச்சம் இருப்பது ராஜா மட்டும். அவள் யானையை இ2-க்குக் கொண்டுவந்து தாக்குப்பிடித்தாள், அதுதான் சரியான பதிலும்கூட. ஆனால் அதற்குப் பத்து நிமிடம் யோசித்தாள், ராணிக்கும் இடம் குறுகிப்போயிற்று. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஏழாவது மூவாக எச்3 ஆடுங்கள். ஜி4 கட்டம் குதிரைக்கும் கிடையாது, பிஷப்புக்கும் கிடையாது. அப்புறம் எட்டாவதாக யானை இ1.

யானை ஏன் இ1-க்குப் போகிறது? இ4 சிப்பாய்க்குப் பின்னால் நிற்க, அது ஒன்று. இன்னொன்று, எஃப்1 கட்டத்தைக் காலி செய்ய. பி1-இல் தூங்கிக்கொண்டிருக்கும் குதிரை டி2, எஃப்1, ஜி3 என்று மூன்று தாவலில் ராஜா பக்கம் வந்து சேர வேண்டும். நேராக சி3-க்கு வர முடியாது, அங்கே நம் சிப்பாய் நிற்கிறது. வரப்பைச் சுற்றிப் போகிற மாதிரிதான், தூரம் கூடுதல், ஆனால் போய்ச் சேரும் இடம் நல்ல இடம். ஜி3-இலிருந்து அடுத்து எஃப்5 பாய்ந்தால் கருப்பு ராஜாவின் வாசலிலேயே உட்காரும். இதற்கிடையில் எதிரி ஏ6, பிஷப் ஏ7, எச்6 என்று தன் வீட்டைச் சரிசெய்துகொண்டிருப்பார். அவர் குதிரையை ஏ5-க்குக் கொண்டுவந்து உங்கள் சி4 பிஷப்பை வெட்டிக்கொள்ளப் பார்க்கலாம், அதனால் பத்தாவது மூவுக்குள் பிஷப்பை பி3-க்கு இழுத்துவிடுங்கள். அங்கேயும் வந்து தாக்கினால் சி2. அந்த வீட்டைத்தான் நாலாவது மூவிலேயே கட்டி வைத்தோம்.

எல்லாக் காயும் வந்து சேர்ந்த பிறகு டி4. அதுவரை அவசரம் வேண்டாம்.

எதிரி வேறு மாதிரி ஆடினால்

நீங்கள் கருப்பாக இருக்கும்போது எதிரி உங்களுக்கே இத்தாலியன் வைப்பார். மூன்றாவதாக நீங்கள் குதிரை எஃப்6 ஆடினால், நாலாவதாக அவர் குதிரையை ஜி5-க்குப் பாய்ச்சி பிஷப்போடு சேர்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கலாம். சின்னப் பிள்ளைகள் ஆடும் பிரிவில் இது ரொம்பவே வரும். பதில் டி5, பிஷப்பின் பாதையை மறியுங்கள். அவர் இ-சிப்பாயால் டி5-ஐ வெட்டுவார். இப்போது கை துறுதுறுக்கும், குதிரையால் திருப்பி வெட்ட. வெட்டாதீர்கள். வெட்டினால் அவர் குதிரையை எஃப்7-இல் பலி கொடுப்பார். அது ராணியையும் யானையையும் ஒன்றாகத் தாக்கும், நீங்கள் ராஜாவால் வெட்டியே ஆக வேண்டும். அடுத்து ராணி எஃப்3 செக். ராஜாவுக்கும் செக், டி5 குதிரைமேலும் கண். குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு, நடுப்போர்டுக்கு நடந்து வர வேண்டும். கணினி இதை எப்படியெல்லாமோ சமாளிக்கும், மண்டபத்தில் பத்து வயதில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. எனவே திருப்பி வெட்டுவதற்குப் பதில் குதிரை ஏ5 என்று பிஷப்பைத் தாக்குங்கள். அவர் பிஷப் பி5 செக் வைப்பார், நீங்கள் சி6, அவர் வெட்டுவார், நீங்கள் பி-சிப்பாயால் வெட்டுவீர்கள். ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் உங்கள் காய்கள் விறுவிறுவென்று வெளியே வரும், அவருடைய பிஷப்பும் குதிரையும் ஒதுங்க இடம் தேடிக்கொண்டிருக்கும். இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள் மூன்றாவது மூவில் பிஷப் சி5 ஆடிவிடலாம், அப்போது குதிரை ஜி5 வந்தால் டி8 ராணியே வெட்டிவிடும்.

இன்னொரு வலை. நீங்கள் வெள்ளை, மூன்றாவது மூவில் பிஷப் சி4 ஆடியதும் எதிரி குதிரையை டி4-க்குக் கொண்டுவருகிறார். இ5 சிப்பாய் இனாமாகக் கிடப்பது போலத் தெரியும். எடுத்தால் ராணி ஜி5, உங்கள் குதிரைக்கும் ஜி2 சிப்பாய்க்கும் ஒரே நேரத்தில் குறி. ஆசையில் எஃப்7-ஐயும் வெட்டினால் அவர் ஜி2-ஐ வெட்டி, யானை எஃப்1, ராணி இ4 செக், பிஷப் இ2, குதிரை எஃப்3 என்று செக்மேட்டே வைத்துவிடுவார். உங்கள் பதில் எளிது: குதிரையால் டி4 குதிரையை வெட்டுங்கள், அவர் சிப்பாயால் வெட்டுவார், நீங்கள் கேஸ்லிங். நல்ல நிலை உங்களுடையது.

இரண்டாவது மூவிலேயே ராணியை எச்5-க்குக் கொண்டுவருகிற எதிரியும் கிடைப்பார். பயப்பட ஒன்றுமில்லை. குதிரை சி6, அவர் பிஷப் சி4 வைத்து எஃப்7-இல் மேட் பார்த்தால் ஜி6, அவர் ராணி எஃப்3 போனால் குதிரை எஃப்6. அவர் ராணி அலைந்த நேரத்தில் உங்கள் வீடு தயார்.

இ4-க்கு இ5 ஆடாமல் சி5 ஆடினால் அது சிசிலியன். அதற்கென்று தனியாகப் படிக்க இப்போது நேரமில்லை, இரண்டாவது மூவாக சி3, அடுத்து டி4, இவ்வளவு போதும். இ6 அல்லது சி6 ஆடினால் டி4 தள்ளி இரண்டு சிப்பாயை நடுவில் வையுங்கள். நீங்கள் கருப்பு, எதிரி டி4 என்று தொடங்கினால் டி5, குதிரை எஃப்6, இ6, பிஷப் இ7, கேஸ்லிங்.

ஒரு ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள்

ஓப்பனிங்கை மூவ் பட்டியலாக மட்டும் படித்தால் மனதில் நிற்காது. ஒரு ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை போர்டில் வைத்துப் பார்த்தால் நிற்கும். நான் எல்லோருக்கும் முதலில் காட்டுவது 1895-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த போட்டியில், வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் வெள்ளையாகவும் கர்ட் ஃபான் பார்டலெபன் கருப்பாகவும் ஆடிய ஆட்டம். ஸ்டைனிட்ஸ் முந்தைய ஆண்டுதான் உலகச் சாம்பியன் பட்டத்தை லாஸ்கரிடம் இழந்திருந்தார்.

போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். முதல் நாலு மூவ் நாம் பார்த்ததேதான். ஐந்தாவதாக டி4, கருப்பு வெட்டுகிறது, வெள்ளை சி-சிப்பாயால் வெட்டுகிறது, பிஷப் பி4 செக், குதிரை சி3. கருப்பு டி5, வெள்ளை வெட்ட, குதிரை திருப்பி வெட்டுகிறது. ஒன்பதாவதாக வெள்ளை கேஸ்லிங். இந்த இடத்தில் நிறுத்துங்கள். வெள்ளை ராஜா போய்விட்டது, கருப்பு ராஜா இன்னும் இ8-இல். அவர் பிஷப்பை இ6-க்கு வைக்கிறார். வெள்ளை பிஷப் ஜி5, கருப்பு பிஷப் இ7-க்குத் திரும்புகிறது. அடுத்த மூன்று மூவும் வெட்டுதான்: 11-இல் பிஷப் டி5-ஐ வெட்ட, கருப்பு பிஷப் வெட்டுகிறது. 12-இல் குதிரை டி5-ஐ வெட்ட, ராணி வெட்டுகிறது. 13-இல் பிஷப் இ7-ஐ வெட்ட, குதிரை வெட்டுகிறது. 14-இல் யானை இ1.

இப்போது கருப்பு கேஸ்லிங் செய்யட்டும் பார்ப்போம். ராஜா நகர்ந்தால் இ7 குதிரைக்குக் காவல் இல்லை, யானை வெட்டிவிடும். காய் எண்ணிக்கை இருவருக்கும் சமம்தான், ஆனால் கருப்பு ராஜா தன் குதிரைக்குக் காவல்காரனாக நடுவிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. ஒரே ஒரு மூவ் தாமதத்தின் விலை இது. இந்த இடத்தைப் பிள்ளைகளிடம் காட்டி "இப்ப கேஸ்லிங் பண்ணு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் இருப்பேன். அவர்களே ராஜாவை நகர்த்தி, குதிரை போவதைப் பார்த்து, திரும்ப எடுத்து வைப்பார்கள். அதற்குப் பிறகு கேஸ்லிங் செய் என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டி வந்ததில்லை.

தொடர்கிறேன். கருப்பு எஃப்6, ராஜாவுக்கு எஃப்7-இல் ஒரு வழி தேடுகிறது. 15-இல் ராணி இ2, கருப்பு ராணி டி7. 16-இல் இன்னொரு யானை சி1, கருப்பு சி6. 17-இல் வெள்ளை டி5! சிப்பாயைச் சும்மா கொடுக்கிறார், தன் குதிரைக்கு டி4 கட்டத்தைக் காலி செய்ய. சிப்பாய் வெட்டுகிறது, 18-இல் குதிரை டி4, ராஜா எஃப்7, 19-இல் குதிரை இ6, எச்8 யானை சி8-க்கு வருகிறது, 20-இல் ராணி ஜி4, கருப்பு ஜி6, 21-இல் குதிரை ஜி5 செக், ராஜா இ8. இப்போது 22-இல் யானை இ7 குதிரையை வெட்டி செக்.

இந்த யானையை ராஜாவும் எடுக்கலாம், ராணியும் எடுக்கலாம். ராஜா எடுத்தால் மிச்சமுள்ள யானை இ1-க்கு வந்து செக், ராஜா வெட்டவெளியில் ஓட வேண்டியதுதான். ராணி எடுத்தால் யானை சி8-இல் வெட்டி செக், கருப்பு யானை வெட்ட, ராணி அதையும் வெட்டி செக், கணக்கு முடிந்ததும் வெள்ளைக்கு ஒரு குதிரை கூடுதல். அதனால் பார்டலெபன் எதையும் எடுக்காமல் ராஜாவை எஃப்8-க்கு நகர்த்தினார். அந்த நிலையில் வெள்ளையின் ராணி, இரண்டு யானை, குதிரை நான்குமே வெட்டுப்படும் இடத்தில் நிற்கின்றன, அதோடு கருப்பு சி1-இல் வெட்டி முதல் வரிசையில் மேட் வைக்கவும் தயார். வெள்ளை ஒரு மூவ் செக் இல்லாமல் ஆடினாலும் தோல்வி. ஸ்டைனிட்ஸ் யானை எஃப்7 செக், ராஜா ஜி8. யானை ஜி7 செக், ராஜா எச்8. யானை எச்7-ஐ வெட்டி செக். அதே யானை நாலு தடவை, எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்று பக்கத்திலேயே நடந்து போகிறது, ஒரு தடவையும் எடுக்க முடியவில்லை. பார்டலெபன் எழுந்து ஹாலை விட்டு வெளியே போய்விட்டார், திரும்பி வரவில்லை, கடிகாரம் ஓடி அவர் நேரம் தீர்ந்தது. அதை மட்டும் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம். தோற்றால் கடிகாரத்தை நிறுத்தி, கைகொடுத்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

போட்டி நாளன்று

சீக்கிரம் கிளம்புங்கள், நீடாமங்கலம் ரயில்வே கேட் வழியாக வருகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தயிர்சாதம், இரண்டு பேனா, ஒரு சின்னத் துண்டு. மண்டபத்தில் மின்விசிறி எல்லா மேஜைக்கும் எட்டாது, வியர்த்த கையால் காய் நழுவும். யாருடன் யார் என்ற பேரிங் பட்டியல் ஒட்டியதும் தூணைச் சுற்றிக் கூட்டம் கூடும், பெரியவர் ஒருவர் போய் போர்டு எண்ணையும் நிறத்தையும் பார்த்து வந்தால் போதும், பிள்ளை அங்கே நசுங்க வேண்டாம். பெரும்பாலும் சுவிஸ் முறைதான். ஒரு ஆட்டம் தோற்றால் வெளியே அனுப்ப மாட்டார்கள், அடுத்த ரவுண்டில் கிட்டத்தட்ட உங்கள் அளவு புள்ளி உள்ளவருடன் ஆடுவீர்கள். முதல் ரவுண்டிலேயே பலமான ஆள் வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், பட்டியலின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு ஜோடி சேர்ப்பார்கள்.

போன் முழுசாக அணைத்து வெளியே பெரியவர்களிடம் இருக்கட்டும், ஹாலில் அடித்தால் ஆட்டமே போய்விடும். காயைத் தொட்டால் நகர்த்த வேண்டும். சரியாக நிற்காத காயைச் சரிசெய்வதென்றால் தொடுவதற்கு முன்னால் "அட்ஜஸ்ட்" என்று சொல்லுங்கள். காயை எந்தக் கையால் நகர்த்துகிறீர்களோ அதே கையால் கடிகாரத்தை அமுக்குங்கள். முதலில் மூவ், பிறகு எழுத்து, எழுதி வைத்துவிட்டு ஆடக்கூடாது. கேஸ்லிங்கில் ராஜா முதலில், ஒரு கையால், இரண்டு கட்டம். தவறான மூவ் ஆடிக் கடிகாரத்தை அமுக்கிவிட்டால் கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் எதிரிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது முறை செய்தால் தோல்வி. எதிரி ஏதாவது தவறு செய்தால் அவருடன் வாதாடாமல் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிடுங்கள், அது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம்.

ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்துக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் எண்) பற்றிப் பெற்றோர் ரொம்பக் கேட்கிறார்கள். ரேட்டிங் உள்ளவர்களுடன் குறைந்தது 5 ஆட்டங்கள் கணக்கில் வந்தால்தான் முதல் ரேட்டிங் பற்றிய பேச்சே வரும், 2024 மார்ச் முதல் அதன் அடிமட்டம் 1400. முதல் போட்டியில் அதை நினைக்காதீர்கள்.

ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்காமல் சாப்பிடக் கொடுங்கள். தாளை வாங்கிப் பத்திரமாக மடித்து வையுங்கள். மறுநாள் காலை அந்தத் தாளை வைத்து, கணினி இல்லாமல், ஆட்டத்தைப் போர்டில் மறுபடி ஆடவிடுங்கள். எத்தனையாவது மூவில் கேஸ்லிங் என்று முதலில் பாருங்கள், பி1 குதிரை எத்தனையாவது மூவில் வெளியே வந்தது என்று அடுத்துப் பாருங்கள். நாம் படித்த வரிசையை விட்டு ஆட்டம் எங்கே விலகியது, விலகியது யார், அவரா நீங்களா என்று பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த போட்டிக்கு நீங்கள் படிக்க வேண்டியது அந்தக் கோட்டுக்கு அடுத்த மூவ்தான். கணினியை அதற்குப் பிறகு திறக்கலாம்.

அதுவரை செய்ய ஒரு வேலை தருகிறேன். ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்தின் கடைசி நிலையைப் போர்டில் வையுங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி ஜி4, யானைகள் எச்7, சி1, குதிரை ஜி5, சிப்பாய்கள் ஏ2, பி2, எஃப்2, ஜி2, எச்2. கருப்பு: ராஜா எச்8, ராணி டி7, யானைகள் ஏ8, சி8, சிப்பாய்கள் ஏ7, பி7, டி5, எஃப்6, ஜி6. கருப்பு ராஜா ஜி8-க்குப் போகிறது. அங்கிருந்து வெள்ளைக்குப் பத்து மூவில் மேட் இருக்கிறது, ஒவ்வொன்றும் செக். முதல் இரண்டை மட்டும் சொல்கிறேன்: யானை ஜி7 செக், ராஜா எச்8, ராணி எச்4 செக். இப்போது ராஜா அந்த யானையை வெட்டித்தான் ஆக வேண்டும். மிச்சம் எட்டையும் காயைத் தொடாமல், கண்ணால் மட்டும் தேடுங்கள்.